நிறை பார்க்கிற நாள்

அத்தியாயம் ஒன்பது

ஒரே மாதத்தில் இரண்டு ஓரகத்திகள் பிள்ளை பெறக் கூடாது என்று யாராவது ஒரு சட்டம் கொண்டுவந்தால், வட்டகொடைப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயங்களில் பாதிச் சண்டை அன்றைக்கே ஓய்ந்துவிடும்.

நாகலெட்சுமிக்கு கேஷிகா பிறந்து தீட்டுக் கழிவதற்குள், சுவருக்கு அந்தப் பக்கத்துக் காம்பராவில் பிரேமினிக்கு தனுஷன் பிறந்தான். அன்றைக்குப் பிடித்த சனி. யார் பிள்ளை முதலில் தவழ்ந்தது, யார் பிள்ளைக்கு முதலில் பல் வந்தது என்று நாலு வருடமாக இதே கணக்குத்தான். அண்ணன் வடிவேலும் தம்பி பிரதாப்பும் ஒரு பீடியை மாற்றி மாற்றி இழுப்பார்கள். பெண்டாட்டிமார் இருவரும் சிரித்துப் பேசிக்கொண்டே ஒருத்தி சட்டியை ஒருத்தி எட்டிப் பார்ப்பார்கள்.

போன வாரம் பீலிக்கரையில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, நாலு பேர் கேட்க பிரேமினி ஒரு வார்த்தை சொன்னாள்.

"ஒங்களுக்கென்னக்கா, ஒங்க புள்ளைக்கு கவர்மெண்டே மாவு குடுக்குது. எங்க வீட்டுது கொழுத்துப் போச்சு, ஒண்ணும் கிடைக்க மாட்டேங்குது."

நிறை குறைந்த பிள்ளைகளுக்குக் கிளினிக்கில் கொடுக்கிற திரிபோஷா மாவைத்தான் அப்படிச் சொன்னாள். தண்ணீர் பிடிக்க நின்ற பெண்கள் எல்லாம் சிரித்தார்கள். நாகலெட்சுமியும் சேர்ந்து சிரித்தாள். வேறென்ன செய்வது? ஆனால் அந்த வார்த்தை வாரம் முழுவதும் அவள் தொண்டையில் மீன் முள்ளாகச் சிக்கிக்கொண்டு இறங்கவே இல்லை.

இன்றைக்கு, வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப்போகிற பிள்ளைமடுவத்தில், நிறை பார்க்கிற நாள்.

விடிந்தும் விடியாத பனியில் வடிவேல் வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தான். போன வெள்ளத்தில் மரக்கறித் தோட்டம் பாதி சரிந்து போனதிலிருந்து அவனுக்குக் கிழமையில் பாதி நாள்தான் வேலை. கூப்பிட்ட நாளில் முதல் ஆளாகப் போய் நின்றால்தான் உண்டு.

"லெச்சுமி, டோர்ச்சு எரிய மாட்டேங்குதே."

"தீந்திருக்கும்."

"தீர்றதுக்கு உள்ள பெட்டரியே இல்லையே புள்ள!"

"எலி தூக்கிட்டுப் போயிருக்கும். நேரமாகுது, போங்க."

மூன்று பெட்டரி தூக்குகிற எலி எந்தத் தோட்டத்தில் இருக்கிறது என்று அவன் யோசிப்பதற்குள், ரொட்டியில் பெரிய பங்கைக் கடதாசியில் சுற்றி அவன் கையில் திணித்தாள். மண் கொத்துகிறவனுக்கு வயிற்றில் கொஞ்சம் கனம் வேண்டும். மிச்சம் இருந்த துண்டை கேஷிகாவுக்குப் பால் விடாத தேயிலைச் சாயத்தண்ணியில் நனைத்துக் கொடுத்தாள்.

"ஒனக்கு?" என்று கேட்டான் வடிவேல்.

"மலையில கூட்டாளிங்க கொண்டாருவாங்க."

கொழுந்து பறிக்கிற மலையில் யாரும் கொண்டுவருவதில்லை. இரண்டு பேருக்கும் அது தெரியும். அவன் பனிக்குள் இறங்கிப் போனான்.

கொழுந்து இல்லாத காலம் இது. மழை விட்டால் குளிர், குளிர் விட்டால் மழை. எவ்வளவு பறித்தாலும் சொன்ன கிலோ வருவதில்லை. வராவிட்டால் அரைப்பேர், அதாவது நாள் முழுக்க மலையில் நின்றாலும் அரை நாள் சம்பளம். அதனால்தான் கேஷிகாவுக்கென்று கொடுத்த மாவு கேஷிகாவோடு நிற்பதில்லை. சீனி தூவி உருண்டை பிடித்தால், பிள்ளைக்கு ஒன்று, களைத்து வந்த அப்பனுக்கு ஒன்று, கையை வழித்துத் துடைக்கிற சாக்கில் தாய்க்குக் கொஞ்சம். மாதம் பிறந்து கொஞ்ச நாளிலேயே பாக்கெட் காலி. அடுத்த மாதம் நிறை பார்த்தால் பிள்ளை நின்ற இடத்திலேயே நிற்கும். மறுபடி மாவு, மறுபடி பிரேமினியின் சிரிப்பு.

சுவருக்கு அந்தப் பக்கம் அப்படியா? பிரதாப் ஆட்டோ வாங்கிய நாளிலேயே பிரேமினி கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டாள். பொழுது சாய்ந்தால் போதும், அங்கே கடுகு வெடிக்கும், கறிவேப்பிலை பொரியும், வெங்காயம் சிவக்கிற வாசம் கூரை இடுக்கு வழியாக இந்தப் பக்கம் வந்து இறங்கும்.

"சித்தி வீட்ல என்னம்மா கறி?" என்று கேஷிகா மூக்கைச் சுருக்கிக் கேட்பாள்.

"மண்ணு."

"மண்ணு இப்பிடி மணக்குமா?"

அப்போதெல்லாம் நாகலெட்சுமிக்கு வரும் ஆத்திரத்துக்கு அளவில்லை. தன் வயிறு காய்ந்தால் பொறுத்துக்கொள்ளலாம். பக்கத்து வீட்டு வயிறு நிறைகிற வாசத்தைத்தான் அவளால் பொறுக்க முடிவதில்லை. பொறாமைதான் அது. வேறு பெயர் வைத்து மூடி மறைக்க அவளும் பார்த்ததில்லை, நாமும் பார்க்க வேண்டாம்.

"கையத் தூக்குடி."

பிள்ளையின் உள்பாவாடைக்குள் இடுப்பைச் சுற்றி ஒரு துணிப்பை. இரவே தைத்து வைத்தது. அதற்குள் டோர்ச்சுப் பெட்டரி மூன்றையும் வரிசையாகப் படுக்கவைத்து, மேலே கம்பளிச் சுவெட்டரை இழுத்து விட்டாள்.

"இது என்னத்துக்கும்மா?"

"குளிருக்கு."

"பெட்டரி சுடுமா?"

"சுடும். யாருகிட்டயும் சொல்லக் கூடாது, சொன்னா ஆறிப்போயிரும். இந்தத் தண்ணிய ஒரே மூச்சில குடி."

அவளைக் குற்றம் சொல்லி என்ன பயன்? பதினாறு வயதிலிருந்து அவள் வாழ்க்கையை ஓட்டியது கொழுந்து நிறுக்கிற தராசு. பையின் அடியில் ஈரக் கொழுந்தை அமுக்கி நிறையைக் கூட்டுவது பறிக்கிறவர்களின் பழைய வித்தை. ஈரத்துக்கென்று கணக்கப்பிள்ளை ஒரு கழிவு கழிப்பது அதைவிடப் பழைய வித்தை. முள் ஏறினால் முழுப்பேர், இறங்கினால் அரைப்பேர். தராசு என்றால் ஏற வேண்டும், அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். மாவு போனால் போகட்டும், ஒரே ஒரு தடவை பிரேமினியின் முகம் சுருங்குவதைப் பார்த்துவிட வேண்டும்.

பிள்ளைமடுவத்துத் தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. கங்காணியிடம் சொல்லிவிட்டு மலையிலிருந்து இறங்கி வந்த பெண்கள், தலையில் போட்ட சாக்கை உதறி வாசலில் தொங்கவிட்டார்கள். உத்தரத்தில் தராசு தொங்கியது. வட்ட முகம், ஒரு முள், கீழே பிள்ளையை உட்காரவைக்கிற துணித்தொட்டில்.

மருத்துவமாது சுலக்ஷனா மிஸ்ஸிக்கு இன்றைக்கு அவசரம். இந்த மடுவத்தை முடித்துக்கொண்டு அடுத்த பிரிவுக்கும் போக வேண்டும். போதாததற்கு ஆயா அம்மாக்கண்ணுவின் தோளில் ஒரு கைக்குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது.

"அடுத்தது யாரு? கேஷிகாவா? சுவெட்டரைக் கழட்டுங்க."

நாகலெட்சுமி பிள்ளையின் முதுகில் மெல்லத் தட்டினாள். தட்டவே தேவையில்லை, அதற்கு நிஜமாகவே இருமல்தான்.

"மூணு நாளா சளிங்க மிஸ்ஸி. நெஞ்சு கட்டிக்கும்."

"சரி சரி, இருக்கட்டும். சுவெட்டருக்குக் கொஞ்சம் கழிச்சிக்கிறேன்."

இங்கேயும் கழிவா என்று நாகலெட்சுமி மனதுக்குள் சலித்துக்கொண்டாள்.

"ஆயாவுக்குக் கை ஒழியல. பிரேமினி, நீங்க பக்கத்துல தானே நிக்கிறீங்க, அந்தப் புள்ளையத் தூக்கி வைங்க."

பிரேமினி குனிந்து கேஷிகாவை இடுப்போடு அணைத்துத் தூக்கினாள். தூக்கியவள் ஒரு கணம் அப்படியே நின்றாள். அவள் முகம் மாறியதை நாகலெட்சுமி பார்த்தாள். கனத்தைப் பார்த்து வயிறெரிகிறாள் என்று எண்ணி உள்ளுக்குள் குளிர்ந்து போனாள்.

முள் ஏறியது.

"அட!" என்றாள் மிஸ்ஸி. "கழிச்சாக்கூட அட்டையில போட்ட கோட்டைத் தாண்டிருச்சே! பாத்தீங்களா, கவனிச்சா புள்ள ஏறும். இனி இவளுக்கு மாவு தேவையில்ல."

"ஆமாங்க மிஸ்ஸி, குடுத்ததெல்லாம் திங்கிறா," என்றாள் நாகலெட்சுமி. இந்த மடுவத்தில் அவள் இவ்வளவு சத்தமாகப் பேசி யாரும் கேட்டதில்லை. "எந்நேரமும் வாய் ஓயாது."

அடுத்தது தனுஷன். சுவெட்டரைக் கழற்றியதும் பிள்ளையின் தோள் எலும்பு இரண்டும் துருத்திக்கொண்டு நின்றன. முள் வழக்கமான இடத்துக்குப் போகாமல் முன்னாலேயே நின்றுவிட்டது. மிஸ்ஸி தராசை ஒரு தட்டுத் தட்டினாள். அது அசையவில்லை.

"என்ன பிரேமினி? போன மாசத்தைவிட நல்லா எறங்கியிருக்கே. சாப்பிடுறானா?"

"காய்ச்சல் வந்துச்சுங்க மிஸ்ஸி."

நாகலெட்சுமிக்கு வந்த சந்தோசத்தைச் சொல்லி முடியாது. ஒரு பிள்ளை மெலிந்ததற்கு இவ்வளவு சந்தோசமா என்று உள்ளே எங்கேயோ ஒரு குரல் கேட்டது. கேட்டுவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள். "பெரியம்மா" என்று தனுஷன் வந்து அவள் சீலையைப் பிடித்தான். அவள் கையை எடுத்துவிடவில்லை, ஆனால் குனிந்தும் பார்க்கவில்லை.

அந்த நேரத்தில்தான் கீழ் ரோட்டில் லொரிச் சத்தம் கேட்டது.

"யாரும் போயிராதீங்க," என்று மிஸ்ஸி எழுந்தாள். "கொழும்புல ஒரு அமைப்பு நிறை கொறைஞ்ச புள்ளைங்க உள்ள வீட்டுக்கு உலருணவு குடுக்குறாங்க. அரிசி, பருப்பு, நெத்தலி, பால்மா, முட்டை. மூணு மாசத்துக்கு மாசாமாசம் வரும். போன மாசம் கோட்டுக்குக் கீழ இருந்தவங்களை வச்சு அளந்துதான் அனுப்பியிருக்காங்க. ஏறுன புள்ளைங்களோட மூட்டையை, இப்ப எறங்குனவங்களுக்குக் குடுத்துரலாம்."

மூட்டைகள் இறங்கின. வெள்ளைச் சாக்கு, வாய் தைத்தது. மேலே தனியாக முட்டைத் தட்டு.

நாகலெட்சுமிக்குப் புரிவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஒவ்வொரு பெயராகக் கூப்பிட, ஒவ்வொருத்தியாகப் போய் வாங்கினாள். போன மாதம் இதே மடுவத்தில் கேஷிகாவும் கோட்டுக்குக் கீழேதான் இருந்தாள். அப்படியானால் அந்தக் குவியலில் ஒரு மூட்டை கேஷிகாவுக்கென்றே அளந்து கட்டி, கொழும்பிலிருந்து மலையேறி வந்தது.

"தனுஷன் அம்மா, வாங்க. கேஷிகாவோடது ஒண்ணு மிச்சம் இருக்கு."

பிரேமினி முந்தானையைத் தலையில் சும்மாடாகச் சுருட்டிக்கொண்டு முன்னே போனாள்.

"மிஸ்ஸி!" நாகலெட்சுமியின் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. "இது என்ன நியாயம்? அவங்க வீட்ல என்ன கொறை? கொழுந்தன் ஆட்டோ ஓட்டுறாரு. பொழுது போனா தாளிக்கிற வாசம் லயத்தையே தூக்குது. கஷ்டப்பட்டவங்க இருக்க, அவங்களுக்கு எதுக்கு?"

மூட்டை வாங்க நின்றவர்கள் எல்லாரும் பிரேமினியைப் பார்த்தார்கள்.

பிரேமினி திரும்பவில்லை. மூட்டையின் மேல் கையை வைத்தபடியே சொன்னாள்.

"ஆட்டோ இல்லங்க மிஸ்ஸி. தவணை கட்டலைன்னு எடுத்துட்டுப் போய்ட்டாங்க. அவரு தலவாக்கலை டவுன்ல மூட்டை தூக்குறாரு. கிடைச்சாத் தூக்குவாரு, இல்லாட்டி சும்மா வருவாரு."

யாரோ ஒருத்தி "ஐயோ பாவம்" என்றாள். எதற்குப் பயந்து பிரேமினி இத்தனை காலம் வாயை மூடிக்கொண்டு இருந்தாளோ, அந்த "ஐயோ பாவம்". நாகலெட்சுமிதான் அதை எல்லாருக்கும் முன்னால் அவளுக்கு வாங்கிக் கொடுத்தாள். பிரேமினி மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு, முட்டைத் தட்டை ஒரு கையில் பிடித்து, பிள்ளையை முன்னால் நடக்கவிட்டுப் படியிறங்கினாள்.

தேயிலைக்கு நடுவே லயத்துக்குப் போகிற குறுக்குப் பாதையில் நாகலெட்சுமி அவளை எட்டிப் பிடித்தாள். கேஷிகா பின்னால் ஓடி வந்தாள்.

"நில்லுடி."

பிரேமினி நின்றாள். மழை கொஞ்சம் விட்டிருந்தது.

"ஆட்டோ போனத ஏன் எங்ககிட்ட சொல்லல?"

"சொல்லியிருந்தா? சோறு போட்டிருப்பீங்களா?"

போட நாகலெட்சுமியின் வீட்டில் சோறு இல்லை என்பது ஒரு பக்கம். இருந்தாலும் போட்டிருப்பாளா என்பது இன்னொரு பக்கம்.

"அப்ப பொழுதானா தாளிக்கிறியே, அது?"

பிரேமினி சிரித்தாள். அவள் கண் சிரிக்கவில்லை.

"ஒரு சொட்டு எண்ணெய், நாலு கடுகு, அரை வெங்காயம். தண்ணி ஊத்தி உப்பப் போட்டு சோத்துல விடுவேன். சோறு இல்லாத அன்னிக்கும் தாளிப்பேன். வாசம் ஒங்க பக்கம் வரணும்லக்கா. ஒரு நாளு வராட்டி ஒங்களுக்குத் தெரிஞ்சு போயிரும்ல."

நியாயமாகப் பார்த்தால் நாகலெட்சுமிக்கு இந்த இடத்தில் அழுகை வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஏமாற்றிவிட்டாளே என்ற கோபம்தான் வந்தது. இத்தனை நாள் ஒரு குழம்பைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருந்தால்கூட ஒரு அர்த்தம் இருக்கும். வெறும் கடுகுக்கா தூக்கம் கெட்டுப் படுத்திருந்தோம்!

"சரி. மூட்டையப் பிரிச்சு ரெண்டாக்கு. அது எம் புள்ளைக்கு வந்தது."

"ஒங்க புள்ளைக்குத்தான் நிறை ஏறிருச்சே."

"பிரேமினி..."

"தூக்குனப்பவே தெரிஞ்சிருச்சுக்கா. இடுப்புல என்னமோ கட்டியிருந்தீங்க. கல்லா, இரும்பா?"

நாகலெட்சுமி கேஷிகாவின் சுவெட்டரைக் கீழே இழுத்து விட்டாள். "தெரிஞ்சா அங்கேயே சொல்ல வேண்டியதுதானே?"

"நான் எதுக்குச் சொல்லணும்? லொரி வரப்போறத நேத்தே ஆயா சொல்லிச்சு. ஒங்க புள்ள ஏறுனாத்தானே எம் புள்ளைக்கு எடம் கிடைக்கும்? நீங்களா ஏத்துனீங்க. நான் சும்மா நின்னேன்." தலைச்சுமையைச் சரிசெய்துகொண்டாள். "பீலிக்கரையில ஒரு வார்த்தை சொன்னேன்தான். ஒங்களுக்கு மாவு கிடைக்குதேன்னு வயித்தெரிச்சல்ல சொன்னேன். எம் புள்ளை கொழுத்துப் போச்சுன்னு சொன்ன அன்னிக்கு, அவன் காலையில இருந்து பச்சத் தண்ணிதான்."

கேஷிகா முட்டைத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சித்தி, ஒண்ணு எனக்கா?" என்றாள்.

பிரேமினி அந்தப் பிள்ளையைப் பார்க்காமல் நடந்தாள்.

நாகலெட்சுமி கேஷிகாவைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். வந்த வழியே மடுவத்தை நோக்கித் திரும்பினாள். உண்மையைச் சொல்ல வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் போனாள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அந்த மூட்டை தன் பிள்ளைக்குக் கிடைக்க வேண்டும், கிடைக்காவிட்டால் பிரேமினிக்கும் கிடைக்கக் கூடாது. அந்த எண்ணத்தோடுதான் படியேறினாள்.

மிஸ்ஸி குடையை விரித்துக்கொண்டிருந்தாள். மலைக்குத் திரும்பாத நாலைந்து பெண்கள் வாசலில் மூட்டையோடு நின்றார்கள்.

நாகலெட்சுமி பிள்ளையின் சுவெட்டரைக் கழற்றினாள். உள்பாவாடைக்குள் கையை விட்டுப் பையின் முடிச்சை அவிழ்த்தாள். மூன்று பெட்டரியும் மேசை மேல் உருண்டன. ஒன்று கீழே விழுந்து அம்மாக்கண்ணுவின் காலடிக்குப் போனது.

"எம் புள்ளைக்கு நிறை பத்தாது மிஸ்ஸி," என்றாள். "நாந்தான் கூட்டிக் காட்டுனேன்."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"இது என்ன வேலைங்க?" மிஸ்ஸிக்குக் கோபத்தில் முகம் சிவந்தது. "கொழுந்து நிறுக்கிற தராசுன்னு நெனச்சீங்களா? எத்தனை கிலோன்னு போட்டி வைக்கவா நான் மாசாமாசம் மலையேறி வர்றேன்? எறங்குன புள்ளையக் கண்டுபிடிக்கத்தானே வர்றேன்?"

"தராசுன்னா ஏறணும்னுதான் மிஸ்ஸி எனக்குத் தெரியும்."

மிஸ்ஸி குடையை மடக்கிக் கீழே வைத்தாள்.

வாசலில் நிழலாடியது. பிரேமினி. தனுஷனோடு பின்னாலேயே வந்திருக்கிறாள். மூட்டை தலையில்தான் இருந்தது.

"நான் எறக்க மாட்டேன் மிஸ்ஸி," என்றாள் எடுத்த எடுப்பில். "பேரச் சொல்லிக் கூப்பிட்டுக் குடுத்தீங்க. எம் புள்ளையும் கொறைஞ்சுதான் இருக்கான். நீங்களே பாத்தீங்க."

"ரெண்டு பேருக்கும் தேவைதான், இல்லைங்கல. ஆனா மிச்சம் இருந்தது அது ஒண்ணுதான்." மிஸ்ஸி நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். "ரெண்டு பேரையும் பதிஞ்சு அனுப்புறேன். இது கிடைக்காதவங்களுக்கு எப்ப வரும், வருமான்னு என்னால சொல்ல முடியாது. ரெண்டாப் பிரிச்சுக்குறீங்களா?"

அண்ணன் தம்பி பெண்டாட்டிமார் இருவரும் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். "சரி" என்ற ஒரு சொல் போதும். யார் முதலில் சொல்வது? பீலிக்கரைச் சிரிப்பு ஒருத்தியின் வாயை அடைத்தது. சற்று முன் கேட்ட "ஐயோ பாவம்" மற்றவளின் வாயை அடைத்தது.

"பிரிக்கிறதுன்னா அவங்க மொதல்ல கேக்கட்டும்," என்றாள் பிரேமினி.

"கேட்டுப் பிச்சை வாங்க நான் வரல," என்றாள் நாகலெட்சுமி.

"அப்படின்னா எனக்கு வேற வழியில்ல." மிஸ்ஸி தராசின் பக்கம் திரும்பினாள். "ரெண்டு புள்ளையையும் ஒழுங்கா நிறுக்கிறேன். யாரு ரொம்ப எறங்கியிருக்கோ, மூட்டை அந்தப் புள்ளைக்கு. துணிமணி எல்லாம் கழட்டுங்க."

மூட்டை தரைக்கு வந்தது. பிரேமினி தனுஷனின் சட்டையை உருவினாள், காற்சட்டையை உருவினாள். அதோடு நிற்கவில்லை. பிள்ளையின் அரைஞாணில் ஒரு தாயத்து தொங்கியது, பிறந்தபோது மாரியம்மன் கோயிலில் மந்திரித்துக் கட்டியது. அதன் முடிச்சில் விரலை வைத்தவள் ஒரு கணம் தயங்கினாள். பிறகு பல்லால் கடித்து அறுத்தாள்.

நாகலெட்சுமி அதைப் பார்த்தாள். உடனே கேஷிகாவின் கையிலிருந்த கண்ணாடி வளையலைக் கழற்றினாள். காது வளையத்தைக் கழற்றினாள். அது போதாதென்று பிள்ளையின் காதோரம் குனிந்தாள்.

"ஒண்ணுக்கு வருதா?"

"இல்லம்மா."

"வரும். போய்ட்டு வா. சுத்தமாப் போய்ட்டு வா."

காலையில் குடிக்கவைத்த தண்ணீரை இப்போது கணக்கிலிருந்து கழிக்க வேண்டியிருந்தது.

முதலில் தனுஷனை நிறுத்தார்கள். முள் நின்ற இடத்தை மிஸ்ஸி வாய்விட்டுச் சொல்லாமல் மனதில் குறித்துக்கொண்டாள். பிரேமினி பிள்ளையைத் தூக்கி ஈர முந்தானைக்குள் சுற்றிக்கொண்டு சுவரோரம் போய் நின்றாள்.

அடுத்தது கேஷிகா. துணித்தொட்டிலில் வைத்ததும் குளிரில் அவளுக்கு உடம்பெல்லாம் நடுங்கத் தொடங்கியது. நடுக்கத்தில் முள்ளும் நடுங்கியது. ஒரு பக்கம் போனது, திரும்பி வந்தது. எங்கேயும் நிற்க மறுத்தது.

"ஆடாம இரு தங்கம், ஒரே நிமிசம்," என்றாள் மிஸ்ஸி.

நாகலெட்சுமி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். மாரியம்மா, எம் புள்ள எறங்கியிருக்கணும். அந்தப் புள்ளைய விட எறங்கியிருக்கணும். என்ன வேண்டுகிறோம் என்பது வேண்டிய பிறகுதான் அவளுக்கே உறைத்தது. ஆனாலும் நிறுத்தவில்லை, மறுபடி அதையே வேண்டினாள்.

பக்கத்தில் முணுமுணுப்புக் கேட்டுக் கண்ணைத் திறந்தாள். பிரேமினியும் கும்பிட்டுக்கொண்டுதான் நின்றாள். கேஷிகா ஏறியிருக்க வேண்டும், அந்தப் பிள்ளையின் உடம்பில் இன்னும் கொஞ்சம் சதை இருக்க வேண்டும் என்று அவள் உதடுகள் துடித்துக்கொண்டிருந்தன.

கேஷிகா நன்றாக இருக்க வேண்டும் என்று அந்த மடுவத்தில் அப்போது சாமியை வேண்டியவள் பிரேமினி ஒருத்திதான்.

முள் மெல்ல மெல்ல ஆட்டத்தை நிறுத்தியது.